சேற்றில் டிராக்டர் மாட்டினால்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

சேற்றுழவில் வண்டி இறங்கிப் போவது யாருக்கும் நேரக்கூடியது. அப்படியே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வரப்பில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. ஆபத்து தொடங்குவது அடுத்த பத்து நிமிடத்தில். நடவு ஆட்கள் காத்திருக்கிறார்கள், வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது, எப்படியாவது வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இந்தக் குறிப்பு.

இங்கே சொல்பவை டெல்டாக் களிமண் வயலில் ஓடும், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 40 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டரை மனத்தில் வைத்தவை. அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் நிற்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் பின் அச்சைத் திருப்புகிறது. சக்கரம் உருண்டால் வண்டி முன்னே போகும். சக்கரத்தைச் சேறோ வரப்போ கட்டையோ பிடித்துக்கொண்டால், அந்தத் திருகு விசை அச்சைச் சுற்றி வண்டியின் உடலையே திருப்பும். முன்பக்கம் எழும்பி, வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். ரிவர்ஸ் கியரில் அதே விசை எதிர்ப்பக்கம் வேலை செய்து முன் சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். மாட்டிய வண்டியைப் பின்னால் எடு என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

எஞ்சின் சத்தம் மாறாமல் இருக்கும். டயரின் லக் (மண்ணைப் பிடிக்கும் மேடான பட்டைகள்) இடைவெளி முழுக்கச் சேறு அப்பி, டயர் வழவழவென்று உருண்டையாகத் தெரியும். அந்த நொடியிலேயே கிளட்சை மிதித்து ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டும். சுற்றும் சக்கரம் மண்வெட்டி போல வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அடியில் உள்ள மண்ணை வாரிப் பின்னால் போட்டுத் தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறது. பத்து நொடி ரேஸ் செய்தால் ஒரு மணி நேரம் தோண்ட வேண்டிவரும்.

இறங்கிப் பாருங்கள். இரண்டு பின் சக்கரமும் சுற்றியதா, ஒன்று மட்டுமா?

ஒன்று மட்டும் சுற்றியிருந்தால், இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் உதவும். சக்கரம் முழுமையாக நின்ற பிறகே லாக் பெடலை அழுத்த வேண்டும். வேகமாகச் சுற்றும்போது அழுத்தினால் உள்ளே பல் உடையும். லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். லாக் பிடித்திருக்கும்போது வண்டியைத் திருப்பக் கூடாது, திருப்பவும் வராது. கெட்டித் தரைக்கு வந்ததும் பெடலை விட்டு, லாக் உண்மையிலேயே விடுபட்டதா என்று கவனிக்க வேண்டும். லாக் இல்லாத பழைய வண்டியில், சுற்றும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் விசை மறு சக்கரத்துக்குப் போகும்.

இரண்டும் சுற்றினால் லாக்கால் பயனில்லை. பி.டி.ஓ.வை (எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) அணைத்து, கருவியைத் தரையிலிருந்து விடுவித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். இரண்டு முயற்சி போதும். இரண்டாவது முறையும் சக்கரம் ஒரு முழுச் சுற்றளவுகூட வண்டியை நகர்த்தவில்லை என்றால், அதற்கு மேல் ஓட்டுவது குழியை ஆழமாக்கும் வேலை மட்டுமே.

வயலில் எப்போதும் ஒரே இடத்தில் மாட்டுகிறதென்றால் அது பெரும்பாலும் தூர்த்த குட்டை, மூடிய பழைய வாய்க்கால், அல்லது போர் தண்ணீர் விழும் மூலை. அங்கே ஒரு கழி நட்டு வையுங்கள். வாடகைக்கு வரும் ஓட்டுநருக்கு உங்கள் வயலின் உளை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

எல்லா இடத்திலும் சறுக்குகிறதென்றால் வண்டியைப் பாருங்கள். ரோட்டில் டிரெய்லர் இழுக்க ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கினால் டயர் மண்ணைப் பிடிக்காது. வயல் வேலைக்குப் பின் டயரில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. அளவில் வைப்பது வழக்கம். உங்கள் டயருக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றுக்கு அரைக் கேஜ் வீல் (டயரோடு சேர்த்து மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டினால் பிடிமானம் கூடும். மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில்தான் அவை தளரும்.

முன்பக்கம் தூக்குகிறது

இதுதான் கொல்லும் அறிகுறி. மற்றதில் யோசிக்க நேரம் கிடைக்கும், இதில் கிடைக்காது. முன் சக்கரம் தரையை விட்டதிலிருந்து வண்டி திரும்ப முடியாத சாய்வைத் தாண்ட ஒன்றரை நொடிகூட ஆகாது. தூக்குகிறது என்று கண் பார்த்து, மூளை சொல்லி, கால் கிளட்சுக்குப் போவதற்குள் முடிந்துவிடும். ஆகவே மாட்டிய இடத்திலும் வரப்பு ஏறும்போதும் இடது கால் கிளட்ச் மேலேயே இருக்க வேண்டும். தூக்கிய கணம் கிளட்சை முழுக்க மிதித்தால் முன்பக்கம் தானாக விழும்.

லோ முதல் கியரில் இருக்கிறோம், மெதுவாகத்தானே போகிறது என்று நினைப்பது தவறு. அந்தக் கியரில்தான் அச்சில் திருகு விசை மிக அதிகம். எஞ்சின் திணறி நிற்கும் முன்பே வண்டியைத் தூக்கிவிடும்.

எந்தெந்த இடத்தில் இது நடக்கிறது?

வரப்பு ஏறும்போது: முன் சக்கரம் ஏற்கெனவே மேலே இருக்கிறது, பின் சக்கரம் வரப்பில் முட்டி நிற்கிறது. கேஜ் வீல் இருந்தால் அது சறுக்காமல் வரப்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சாதாரண டயர் சறுக்கித் தப்பவிடும் இடத்தில் கேஜ் வீல் தப்பவிடாது. சேற்றுழவுக்கு மிகவும் வேண்டிய அந்தப் பிடிமானம்தான் வரப்பில் எமன். வரப்பை வெட்டிச் சரிவாக்குங்கள். 30 செ.மீ. உயர வரப்புக்கு இரு பக்கமும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சரிவு வேண்டும். சாய்வாக ஏறாமல், வரப்புக்கு நேர் செங்கோணத்தில் ஏற வேண்டும். கருவி ஏதும் மாட்டாத வண்டியை ரிவர்ஸில் ஏற்றுங்கள். ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் உழும் கருவி) மாட்டியிருந்தால் ரிவர்ஸில் அதுதான் முதலில் முட்டும், எனவே பி.டி.ஓ.வை அணைத்து, ரோட்டவேட்டரைத் தரைக்குச் சற்று மேலே தாழ்வாக வைத்து முன்னோக்கி ஏறலாம். தாழ்வாக இருக்கும் கருவி, வண்டி மல்லாந்தால் முதலில் தரையில் ஊன்றித் தடுக்கும். உயரத் தூக்கிய கருவி அப்படித் தடுக்காது. வரப்பைத் திரும்பக் கட்ட இரண்டு பேருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த வேலையை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

சக்கரத்தில் கட்டை கட்டும்போது: சறுக்கும் பின் சக்கரத்தில் ஒரு உருளைக் கட்டையைச் சங்கிலியால் கட்டி முன் கியர் போடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கட்டை அடியில் போய் மாட்டினால் சக்கரம் அப்படியே நிற்கும், வண்டி அச்சைச் சுற்றித் திரும்பும். வண்டி வெளியே வந்துவிடுகிறதே என்று இதைச் செய்கிறார்கள். வராத ஒரு தடவை ஓட்டுநர் அடியில் இருப்பார். முன் சக்கரம் போகும் திசையில் பின் சக்கரத்துக்கு அடியில் பலகை, கல் திணித்து முன் கியரில் ஏற்றுவதும் இதே குடும்பம்தான். இரண்டையும் செய்யவே கூடாது.

இழுக்கும் சங்கிலியை உயரத்தில் மாட்டும்போது: டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் கம்பி) துளையிலோ அச்சுக் குழாயிலோ மாட்டினால் இழுவைக் கோடு அச்சு மட்டத்துக்கோ அதற்கு மேலோ போகும். சங்கிலி விறைத்ததும் வண்டியைப் பின்னால் மல்லாத்தும். அச்சுக்குக் கீழே உள்ள டிராபார் என்ற இழுவைப் பட்டையில் மட்டுமே மாட்ட வேண்டும்.

சரிவில் பின்னால் உருளும்போது: பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் நிற்கும், உடல் தொடர்ந்து போகும், முன்பக்கம் எழும். கியரிலேயே வைத்து எஞ்சின் பிடிக்கட்டும்.

இன்னொன்று. ரோட்டவேட்டரைத் தூக்கியதும் ஸ்டீயரிங் லேசாகிறது, திருப்பினாலும் முன் சக்கரம் நேராகவே இழுபடுகிறது என்றால் முன் அச்சில் எடை போதவில்லை. மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் சக்கரத்தில் நிற்க வேண்டும். பம்பரில் எடைத் தட்டுகள் போடுங்கள். பானட் மேல் ஆளை உட்கார வைப்பது அதற்கு மாற்று அல்ல.

அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது

பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் கூடும் அச்சுக் குழாயும் சேற்றைத் தொட்டுவிட்டால், சக்கரம் தாங்கிய எடையைச் சேறு தாங்குகிறது. இனி தன் பலத்தில் வராது.

இழுத்துவிடலாம் என்று உடனே இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சக்கரம் வரை அமிழ்ந்த வண்டியை எடுக்க அதன் எடை அளவு விசை வேண்டும் என்பது மீட்புப் பணியில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. மட்கார்டு வரை அமிழ்ந்தால் இரண்டு மடங்கு. அதாவது 2 டன் முதல் 4 டன். அதே அளவுள்ள இன்னொரு டிராக்டர் காய்ந்த தரையில் நின்று இழுத்தால் ஒரு டன் அளவுக்குத்தான் இழுக்கும். மீதிக்கு மண்வெட்டிதான்.

செய்முறை இது. எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பையில் போடுங்கள். மடையைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். கருவியைக் கழற்றுங்கள்: முதலில் பி.டி.ஓ. ஷாஃப்ட், பிறகு டாப் லிங்க், வலது லோயர் லிங்க் (கீழ்க் கம்பி), கடைசியில் இடது. ரோட்டவேட்டர் தனியாகவே பல நூறு கிலோ. அதைக் கழற்றினாலே வண்டி பாதி விடுபட்ட மாதிரி.

பிறகு ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் பின்னால், டயரின் அடி மட்டத்திலிருந்து தொடங்கி மேலேறும் சரிவாக, ஒரு டயர் உயரத்துக்குக் குறையாத நீளத்துக்குத் தோண்டுங்கள். 13.6-28 டயருக்கு இது ஏறத்தாழ 1.3 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின்னால் ஒரு கால்வாய் போட வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். அடிவயிற்றின் கீழ் இரு பக்கமும் மண்ணை வாரிக் காற்றுப் போக வழி செய்யுங்கள். களிமண் அடியில் ஒட்டி உறிஞ்சிப் பிடிப்பதை உடைக்க இதுவே வழி. சரிவில் தென்னை மட்டை, வைக்கோல், சாக்கு ஆகியவற்றை மிதித்துப் பரப்புங்கள். தோண்டி முடிக்கும் வரை யாரும் இருக்கையில் ஏறக் கூடாது. எஞ்சின் ஓடத் தொடங்கினால் சக்கரத்தின் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது, மட்டை துப்பாக்கிக் குண்டு போல வரும்.

இழுக்கும்போது சங்கிலி விறைக்கிறது, வண்டி வரவில்லை

நிறுத்துங்கள். சங்கிலியைத் தளர்த்திவிட்டு ஓடி வந்து வெடுக்கென்று இழுக்க ஒருவர் சொல்வார். அப்போதுதான் கொக்கி தெறிக்கிறது. திரும்பத் தோண்டுங்கள்.

நைலான் கயிறு இழுவைக்கு ஆகாது. அது ரப்பர் போல நீண்டு, அறுந்தால் அத்தனை விசையையும் கொக்கியோடு சேர்த்துத் திருப்பி வீசும். கனச் சங்கிலி அல்லது நல்ல நிலையில் உள்ள இரும்பு வடம் வேண்டும். இழை பிரிந்த வடம், நிமிர்ந்த கொக்கி வேண்டாம். வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைப் போர்த்தினால் அறுந்தாலும் துள்ளாது. வடத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள்.

இழுக்கும் வண்டி கெட்டித் தரையில் நிற்கட்டும், அதற்காக நீளமான வடம் போடுங்கள். மாட்டிய வண்டியின் டிராபாரிலிருந்து இழுக்கும் வண்டியின் டிராபாருக்கு, நேர்க்கோட்டில். மெதுவாக விறைக்க வைத்துவிட்டு, மாட்டிய வண்டி ரிவர்ஸிலும் இழுக்கும் வண்டி முன் கியரிலும் ஒன்றாக நகர வேண்டும். சைகை காட்ட ஒருவர் மட்டும். இழுக்கும் வண்டியும் மல்லாரக்கூடியதுதான். அதன் ஓட்டுநரின் காலும் கிளட்சில் இருக்க வேண்டும். பொக்லைன் வந்தாலும் விதி இதுவே.

ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது

வாய்க்கால் கரையிலோ கிணற்று ஓரத்திலோ இருக்கிறீர்கள். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் கரையை விட்டுத் தள்ளி ஓட்ட வேண்டும்: 2 மீட்டர் ஆழத்துக்கு 2 மீட்டர். நனைந்த கரையில் இன்னும் கூட. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் வயல் நடுவிலேயே இருக்கும். புல் மூடியிருந்தால் ஓரம் எங்கே என்றே தெரியாது. உழவுக்கு முன் நடந்து பார்த்துக் கல் நட்டுவிடுங்கள். அந்த ஓரத்தில் ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

சாயத் தொடங்கினால் கருவியை உடனே இறக்கி, ஸ்டீயரிங்கைத் தாழ்ந்த பக்கம் திருப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் திருப்பினால் கவிழும். வாய்க்கால் விளிம்பிலேயே இறங்கிவிட்டால் இது பொருந்தாது. அங்கே எஞ்சினை நிறுத்தி, உயர்ந்த பக்கமாக இறங்கி, உயர்ந்த பக்கத்திலிருந்து வடம் போட்டுப் பிடித்த பிறகே எதையும் தொட வேண்டும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் உள்ள வண்டியில் பெல்ட் கட்டாயம். சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

ரோட்டவேட்டர் நின்றுவிட்டது

வைக்கோலோ கம்பியோ சுற்றியிருக்கும். பி.டி.ஓ. அணை, எஞ்சின் நிறுத்து, சாவியை எடு, பிறகுதான் இறங்கு. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. ஏழு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஷாஃப்டில் வேட்டி முனை மாட்டினால் நொடிக்கு 2 மீட்டர் துணியை உள்ளே இழுக்கும். கை உதறும் நேரம் கிடைக்காது. ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது போடுங்கள். வேட்டியும் தோளில் துண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் படுத்துக் கத்தி நட்டை முடுக்குபவர்கள், லிஃப்ட் தாங்கும் என்று நம்புகிறார்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் நெம்புகோலில் யாராவது கை வைத்தால் அது இறங்கும். இரு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை

கியரும் பி.டி.ஓ.வும் நியூட்ரலில் உள்ளனவா, கிளட்ச் முழுக்க மிதிபட்டதா, பேட்டரி முனை தளர்ந்ததா, ஸ்டாப் நாப் (எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ்) வெளியே இழுத்தபடியே இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சாய்ந்த வண்டியில் டீசல் குறைவாக இருந்து டீசல் குழாயில் காற்று ஏறியிருக்கலாம். டீசல் ஃபில்டர் மேல் உள்ள ஸ்குருவைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, குமிழி நின்றதும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்குருவிலும் அதே.

தரையில் பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைக்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சை அது தாண்டிவிடும். வண்டி பிடித்ததும் நகரும். நிற்கும் ஆள்மேல் பின் சக்கரம் ஏறும். சுவிட்ச் பழுதானால் அதையே மாற்றுங்கள்.

டிரெய்லர் தள்ளுகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

வயலில் திரும்ப வசதியாகப் பிரித்துவிட்ட இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வரும் முன் தாழ்ப்பாளால் இணைக்க வேண்டும். பாரத்தோடு இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே. மட்கார்டிலும் டிராபாரிலும் ஆள் ஏற்றாதீர்கள். அங்கிருந்து விழுந்தால் விழும் இடம் சக்கரத்துக்கு அடியில்.

கொதிக்கிறது, எண்ணெய் கசிகிறது

ரேடியேட்டர் வலையில் சேறும் பதரும் அடைத்திருக்கும். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். எஞ்சின் ஆறி, கை வைக்க முடியும் அளவுக்கு வந்தபின் சாக்கைப் போட்டுத் திருப்புங்கள். ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளைக் கசிவை விரலால் தேடக் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டால் தேடுங்கள். ஏறிவிட்டால், வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் ஏறியது என்று சொல்ல வேண்டும்.

வண்டி கவிழ்ந்துவிட்டது

ஆள் அடியில் இருந்தால் முதல் வேலை முகம். சேற்றை வழித்து, தலையைத் தண்ணீருக்கு மேலே பிடிக்க ஒருவர், மடையை வெட்டித் தண்ணீரை வடிக்க ஒருவர், 108-க்குப் பேச ஒருவர். எஞ்சினை ஸ்டாப் நாபால் நிறுத்துங்கள். இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுக்காதீர்கள். வண்டி உருண்டு மறுபடி அழுத்தும். இரு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து, ஆளுக்கு அடியில் உள்ள சேற்றைக் கையால் தோண்டி வெளியே எடுப்பது வயலில் வேகமான வழி. எத்தனை நிமிடம் அழுந்திக் கிடந்தார் என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

ஆள் தப்பி, வண்டியை நிமிர்த்திய பிறகு உடனே சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம்; ஆயில் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டு, துளை வழியே ஆயில் வெளியேறியதும் திரும்ப மாட்டுங்கள். ஏர் கிளீனரில் ஏறிய ஆயிலையும் சுத்தம் செய்து, ஆயில் மட்டம், தண்ணீர், பேட்டரி அமிலம் மூன்றையும் சரிபார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.